அவருக்கு ஒரு கணக்கு, அவளுக்கு ஒரு கணக்கு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வருமான வரி பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். சாப்பாட்டுக்கு முந்தின நேரத்தில் வரியைப் பற்றிப் பேசினால் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்றேன். "கல்யாணம் ஆனவங்களுக்கும் ஆகப்போறவங்களுக்கும் உபயோகப்படுற மாதிரி சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் செயலாளர். ஆகவே ஒரே விஷயம். கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கிற வீட்டில், குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிற நேரத்தில், வரிக்கணக்கை எப்படிப் பார்ப்பது?

ஜெர்மனிக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கல்யாணம் ஆனதும் 'வரி வகுப்பு' தேர்ந்தெடுக்கலாம். இருவரும் நான்காம் வகுப்பில் இருக்கலாம். அல்லது ஒருவர் மூன்று, மற்றவர் ஐந்து. மூன்றில் இருப்பவருக்கு மாதப் பிடித்தம் குறைவு, ஐந்தில் இருப்பவருக்கு அதிகம். இருவர் வருமானத்தையும் சேர்த்து வருடக் கணக்கு முடிக்கும்போது மொத்த வரி ஒன்றுதான். ஆனால் குழந்தை பிறந்த பின் அரசு தரும் உதவித்தொகையை, அதற்கு முன் கையில் வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். தாய் ஐந்தாம் வகுப்பில் இருந்தால் அந்தத் தொகை குறைந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் பல மாதம் முன்கூட்டியே வகுப்பை மாற்றிக்கொள்கிறார்கள்.

நம் நாட்டிலும் கல்யாணத்தைப் பார்த்து வரி போட்ட காலம் உண்டு. 1955-56 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக், மணமானவருக்கு 2,000 ரூபாய் வரை வரி இல்லை, மணமாகாதவருக்கு 1,000 ரூபாய் வரைதான் இல்லை என்று வைத்தார். பிரம்மச்சாரிகள் என்ன பாவம் செய்தார்களோ! அதெல்லாம் போயிற்று. பெண்களுக்கென்று இருந்த கூடுதல் வரம்பும் 2012-13 முதல் இல்லை. இப்போது சட்டத்தின் கண்ணுக்குக் கணவன் வேறு ஆள், மனைவி வேறு ஆள். இருவரும் சேர்ந்து ஒரே கணக்கு தாக்கல் செய்ய வழியில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி, சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக 12 லட்சம் வரை வரி இல்லை. ஒரு வீட்டில் கணவனுக்கு 12 லட்சம், மனைவிக்கு 12 லட்சம் சம்பளம் என்றால் வரி பூஜ்யம். அடுத்த வீட்டில் ஒருவர் மட்டும் 24 லட்சம் சம்பாதிக்கிறார். செஸ் சேர்த்து 2,92,500 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டு வீட்டிலும் வருமானம் அதே 24 லட்சம்தான். ஜெர்மன் கணக்கில் இந்த வித்தியாசம் வராது.

ஆகவே "பிள்ளை பிறக்கப்போகுது, நீ வேலையை விட்டுரும்மா" என்று மாமியார் சொல்லும்போது, போவது சம்பளம் மட்டுமல்ல. அவள் பெயரில் இருந்த அந்த வரியில்லாத வரம்பும் வீணாகப் போகிறது. அதைக் கணவன் கணக்குக்கு மாற்ற முடியாது. ராஜினாமாவுக்கு முன் விடுப்பு விதியைப் படியுங்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் முழுச் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு. சட்டத்துக்கு உட்பட்ட தனியார் நிறுவனங்களில் 2017 முதல் 26 வாரம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இரண்டும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு. விடுப்புச் சம்பளத்துக்கும் வரி உண்டுதான். ஆனால் ஜெர்மனி மாதிரி, வரி முறையைப் பொறுத்து அந்தத் தொகை கூடாது, குறையாது.

பழைய முறையா, புதிய முறையா? இதை வீட்டுக்கு ஒன்றாக முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். "அவளுக்கும் நானேதான் சார் பார்க்கிறேன், அதே முறையைப் போட்டுட்டேன்" என்பார்கள். ஆளுக்கு ஒரு முறை இருக்கலாம். சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கடை என்று தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

15 லட்சம் சம்பளக்காரருக்குப் புதிய முறையில் வரி 97,500 ரூபாய். பழைய முறை அவருக்கு லாபமாக இருக்க வேண்டுமானால், நிலைக்கழிவு போக இன்னும் சுமார் 5,44,000 ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். எல்.ஐ.சி., பி.எஃப்., பிள்ளைகள் படிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்தே ஒன்றரை லட்சம்தான். குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டி இரண்டு லட்சம். மருத்துவக் காப்பீட்டில் தாய் தகப்பனுக்குக் கட்டுவதைக் காட்டலாம், மாமனார் மாமியாருக்குக் கட்டுவதைக் காட்ட முடியாது. பெரும்பாலோருக்கு எட்டாது. எட்டுகிறது என்றால், பாலிசியும் கடன் தவணையும் பழைய முறையில் இருப்பவர் கணக்கிலிருந்து போகட்டும். 9 லட்சம் சம்பளத்தில் புதிய முறையில் இருக்கும் மனைவிக்கு ஏற்கெனவே வரி பூஜ்யம். அவள் பெயரில் "வரிக்காக" ஒரு பாலிசி எடுப்பது ஏஜெண்டுக்குத்தான் நல்லது.

மனைவி பெயரில் டெபாசிட் போட்டால் வரி மிச்சம் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை. கணவன் கொடுத்த பணமென்றால் வட்டி அவர் வருமானத்தில்தான் சேரும். அவளே சம்பாதித்த பணமென்றால் அவள் கணக்கு. எனவே பெண்ணின் சம்பளம் அவள் கணக்கிலேயே சேமிப்பாகட்டும். வீட்டுச் செலவு அவர் சம்பளத்திலிருந்து போகட்டும். புதூர், விளாத்திகுளம் பக்கம் இது தலைகீழ். அவள் சம்பளம் மளிகைக்கும் பாலுக்கும். அவர் சம்பளத்தில் நிலம், அதுவும் அவர் பெயரில். ஏ.டி.எம். அட்டையும் அவர் சட்டைப்பையில். கரிசல் காட்டில் மிளகாயும் உளுந்தும் போட்டு வரும் வருமானத்துக்கு நேரடி வரி இல்லை என்றாலும், 5,000 ரூபாய்க்கு மேல் போனால் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை அது கூட்டலாம். மறைக்காமல் சொல்லுங்கள்.

நிதியாண்டுத் தொடக்கத்தில் எந்த முறை என்று அலுவலகத்தில் கேட்பார்கள். சொல்லாவிட்டால் புதிய முறைப்படியே பிடிப்பார்கள். தவறிப்போனாலும், சம்பளக்காரர்கள் ஜூலை 31க்குள் கணக்கு தாக்கல் செய்யும்போது மாற்றலாம். அந்த நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவர் சம்பளச் சான்றையும் மேசையில் வைத்து, இருவருமே உட்காருங்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருப்பவர்கள் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காரலாம். தம்பதியாக வந்திருப்பவர்கள் இருவராகவே வாருங்கள்.