ஒளிவுமறைவு நீங்கினால் பகை தணியும்



வல்லரசுகளின் பகையைப் பற்றி நானுஓயாவில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். அரசுகள் மூடிய அறையில் பேசினால் விலை கொடுப்பவர் யார் என்பது மலையகத்தாராகிய நமக்குத் தெரியும். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று நம்மவரைப் பங்கிட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நம் பாட்டிமாரை ஒருவரும் கேட்கவில்லை.

நோயை மறைத்தால் அது முற்றும் என்பது வைத்தியர்களாகிய நாம் அறிந்தது. அரசுகளுக்கும் அது பொருந்தும். பனிப்போர்க் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றின் பலம் மற்றதற்குச் சரியாகத் தெரியாமல், அச்சத்தினாலேயே அணுவாயுதங்களைக் குவித்தன. அந்த அச்சத்துக்கு எதிராக 1980இல் அமெரிக்க இருதய வைத்தியர் பேர்னார்ட் லவுனும் சோவியத் இருதய வைத்தியர் யெவ்கெனி சாசோவும் சேர்ந்து ஓர் உலக வைத்தியர் அமைப்பைத் தொடங்கினார்கள். அணுகுண்டு வெடித்தால் எந்த வைத்தியசாலையாலும் காப்பாற்ற முடியாது என்று இரு நாட்டு மக்களுக்கும் எடுத்துச் சொன்னார்கள். 1985இல் அந்த அமைப்புக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டு கொர்பச்சேவ் சோவியத் தலைவரானார். 'கிளாஸ்நொஸ்ட்' என்னும் வெளிப்படைக் கொள்கையை முன்வைத்தார். 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. சுவீடனில் கதிர்வீச்சு கண்டறியப்பட்ட பின்னரே சோவியத் அரசு வாய் திறந்தது. மறைப்பதன் ஆபத்தை அந்த நாடே உணர்ந்தது. ஓகஸ்ட் மாதம் வியன்னாவில் சோவியத் விஞ்ஞானிகள் பிறநாட்டு நிபுணர்கள் முன் விபத்தை விளக்கினார்கள்.

1987 டிசம்பரில் ரீகனும் கொர்பச்சேவும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். ஒரு நாட்டின் பரிசோதகர்கள் மற்ற நாட்டின் தளங்களுக்கே சென்று பார்க்கலாம் என்றானது. 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. பொருளாதார நெருக்கடியும் ஆப்கானிஸ்தான் யுத்தமும் இதற்குக் காரணங்களே. ஆனாலும் தன் மக்களிடம் உண்மை பேசத் தொடங்கிய அரசின் சொல்லைத்தான் எதிராளியும் நம்பத் தொடங்கினான்.

இன்று நம் தீவைச் சுற்றி இந்தியாவும் சீனாவும் போட்டியிடுகின்றன. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. இத்தகைய ஒப்பந்தங்களை மக்கள் முன் வைத்தால், இரு தரப்பின் சந்தேகமும் குறையும். நாமும் பகடைக்காய் ஆக மாட்டோம்.

அதற்கு ஒரு கருவி நம் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அது. தேசிய பாதுகாப்புக்கும் வெளிநாட்டு உறவுக்கும் அதில் விதிவிலக்கு உண்டு. பொதுநலன் அதனிலும் பெரிதாயின் அவற்றையும் வெளியிட வேண்டும்.

சகோதரிகளே, தோட்டப் பாதைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, வைத்தியசாலைக்கு வந்த மருந்து எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவித்தாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யுங்கள். சிறு கேள்விக்குப் பதில் சொல்லப் பழகும் அரசுதான் பெரிய ஒப்பந்தத்தையும் ஒளிக்காமல் வைக்கும். நம் பாட்டிமாரை எவரும் கேட்கவில்லை, நாம் கேட்போம்.