எதில் 25?



காலை எட்டு மணிக்கு முன்னால் ஆம்பூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனி பஸ்கள் வந்து, சாப்பாட்டுப் பையும் அடையாள அட்டையுமாகப் பெண்களை இறக்கிவிடும். அவர்கள் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பில். எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' என்றொரு பாடம், சதவீதம் அதில் வருகிறது. புத்தகத்தில் கடைக்காரர் தள்ளுபடி கொடுப்பார். பிள்ளைகளும் விடையைப் போட்டுவிடுவார்கள். மனசு மட்டும் அதில் ஒட்டாது.

ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன். "ஒரு ஷூ கம்பெனியில் 400 பேர். ஆர்டர் இல்லையென்று 25 சதவீதம் பேரை நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதத்தில் ஆர்டர் வந்தது, 25 சதவீதம் பேரைச் சேர்த்தார்கள். இப்போது எத்தனை பேர்?"

"400 சார்!" என்றது வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள். "இல்ல சார், 375. 25 பேரை இன்னும் கூப்பிடல."

நிறுத்தியது 400-இல் 25 சதவீதம், அதாவது நூறு பேர். சேர்த்தது மிச்சமிருந்த 300-இல் 25 சதவீதம், அதாவது 75 பேர். சதவீதம் என்றதும் 'எதில்?' என்று கேள் என்பது நான் வருஷக்கணக்காகப் பாடுகிற பாட்டு. அன்றைக்கு அந்த 25 பேர்தான் அதைப் புரியவைத்தார்கள்.

2025 ஆகஸ்டில் பாடம் தானாகவே வகுப்புக்கு வந்தது. இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 7-ஆம் தேதி 25 சதவீதம், 27-ஆம் தேதி 50. ஆம்பூர் மாதிரித் தோல் தொழில் ஊர்களில் அப்போது வேறு பேச்சே இல்லை. வரி 25 கூடியதா, நூறு கூடியதா? இரண்டும் சரி. ஏறியது 25 சதவீதப் புள்ளி. முன்பிருந்த வரியோடு ஒப்பிட்டால் நூறு சதவீத உயர்வு. செய்தி எழுதுகிறவர்களே இதில் தடுமாறுவதுண்டு.

அடுத்து வரைபடம். ஆம்பூரும் சேர்ந்து ஒன்றாக இருந்த பழைய வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 34,77,317. 2011-இல் 39,36,331. வளர்ச்சி 13.2 சதவீதம். பட்டைகளைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். அச்சை 30 லட்சத்தில் தொடங்கிப் பாருங்கள், தம்பி அண்ணனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமாகிவிடுவான்! எண் ஒன்றுகூட மாறவில்லை. வேலைக் கணக்குக்கு இது எதற்கு என்கிறீர்களா? பத்து வருஷத்தில் வேலை பத்து சதவீதம் வளர்ந்தது என்று யாராவது மார்தட்டினால், ஆட்கள் 13 சதவீதம் கூடியிருக்கிறார்களே என்று திருப்பிக் கேட்கத்தான்.

நம் பக்கத்து வரைபடத்தில் இன்னொரு பள்ளமும் உண்டு. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ராணிப்பேட்டை தனி மாவட்டம். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. 'வேலூர் மாவட்டத் தோல் தொழிலாளர்' என்று ஆண்டுவாரியாகக் கோடு இழுத்தால், பிரித்த வருஷத்தோடு அது தொபுக்கென்று விழும். "எல்லாருக்கும் வேலை போச்சா சார்?" என்று கேட்டான் ஒரு பையன். எல்லைக்கோடுதான் நகர்ந்தது, தம்பி.

2022-இல் தமிழ்நாடு அரசு காலணி, தோல் பொருட்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. 20,000 கோடி ரூபாய் முதலீடு, 2 லட்சம் பேருக்கு வேலை என்பது இலக்கு. அதை எப்படி வரைவது? புள்ளிக்கோடாகப் போடச் சொன்னேன். நடந்து முடிந்ததற்கு மட்டும்தான் அழுத்தமான கோடு.

ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தாய்மார்களே, இன்றிரவு பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள். 400 பேர் 300 ஆகிவிட்டார்கள். மறுபடி 400 ஆக எத்தனை சதவீதம் கூட வேண்டும்? விடை 25 இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.