சிறுநீரக நோயும் நம் வீட்டு அடுக்களையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியத்தையும் மொழியையும் பற்றி அறிஞர் பெருமக்கள் பேசியமர்ந்த மேடையில், உப்பையும் புளியையும் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். நாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்பெழுதிக் காலங்கழிக்கும் குமாஸ்தா. ஆயினும், திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றது என்பதை நினைவூட்டி, இப்பொருளும் தமிழ்ச் சங்கத்துக்கு உரியதே என்று தொடங்குகின்றோம்.

நம் உடலில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் எடை ஏறக்குறைய 150 கிராம். இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப உடலுக்களித்து, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற்றுகின்றன. நீரிழிவும் இரத்தக் கொதிப்புமே இவற்றைக் கெடுக்கும் முதன்மையான பகைவர். நோய் முற்றும்வரை வலி தோன்றுவதில்லை. ஆகையால் அவ்விரு நோயுள்ளோர் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் ஆல்புமினையும் சோதித்தறிதல் கடமையாகும்.

பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு ஒரு காலத்தில் உணவைத் தவிர வேறு மருத்துவம் பெரிதாக இருந்ததில்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர் 1939இல் சோறும் பழமும் மட்டுமே கொண்ட உணவை நோயாளர்க்கு அளிக்கத் தொடங்கினார். உப்பும் புரதமும் மிகக் குறைந்த அவ்வுணவால் பலருக்கு இரத்தக் கொதிப்பு தணிந்தது. 1943இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்து நாட்டில், வில்லெம் கோல்ஃப் என்பார் செலோஃபேன் குழாயைச் சுற்றி இரத்தம் சுத்திகரிக்கும் பொறியை அமைத்தார். அதுவே இன்றைய டயாலிசிசின் தொடக்கம். 1963, 1964ஆம் ஆண்டுகளில் இத்தாலிய மருத்துவர்களான ஜியோர்தானோவும் ஜியோவன்னெட்டியும் புரதத்தைக் குறைத்தளிக்கும் உணவு முறையை வகுத்தனர். நம் நாட்டில் 1971இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றிகரமாக நடைபெற்றது. 2016இல் பிரதம மந்திரியின் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு வளர்ந்த பின்னரும் உணவின் பொறுப்பு நீங்கவில்லை. பொறி வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் உழைக்கின்றது. எஞ்சிய நேரமெல்லாம் நோயாளியைக் காப்பது அடுக்களையே.

முதலில் உப்பு. உடல்நலம் உள்ளவர்க்கே நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு வேண்டுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாமோ குழம்பில் குறைத்த உப்பை ஊறுகாயிலும் அப்பளத்திலும் வடகத்திலும் கருவாட்டிலும் மீட்டுக்கொள்கின்றோம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை நம்பி வாங்குவோரும் உளர். அவ்வுப்பில் சோடியத்துக்கு மாற்றாகச் சேர்ப்பது பொட்டாசியம். சிறுநீரகம் கெட்டவர்க்கு அது சாதாரண உப்பினும் கொடிது.

அடுத்தது பொட்டாசியம். இரத்தத்தில் இது மிகுந்தால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். நோயாளியைக் காண வருவோர் அன்போடு வாங்கிவரும் இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு ஆகிய யாவும் பொட்டாசியம் மிகுந்தவை. கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவையும் அவ்வகையே. காயைச் சிறிதாக நறுக்கி, மிகுந்த நீரில் ஊறவைத்து, பின் வேறு நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியம் பெருமளவு குறையும். காய் வெந்த நீரில்தான் சத்தெல்லாம் இருக்கிறது, கொட்டாதே என்று நம் அன்னையர் கற்பித்தனர். அவர்கள் கூறியது உண்மையே. அச்சத்தே இந்நோயாளிக்கு ஆகாது என்பதால்தான் கொட்டச் சொல்கின்றனர்.

கன்னட நாட்டில் வாழும் நாம் கேழ்வரகின் பெருமையை அண்டை வீட்டாரிடம் கற்றோம். நீரிழிவுக்குக் களியே நல்லது என்று பலர் சோற்றை விட்டனர். சிறுநீரக நோய் முற்றிய பின் அதே மருத்துவமனையில் ‘சோறு உண்ணுங்கள், கேழ்வரகைக் குறையுங்கள்’ என்று கூறினால் குடும்பத்தார் மயங்குகின்றனர். காரணம் எளிது. தீட்டிய அரிசியை நோக்கக் கேழ்வரகில் பொட்டாசியம் ஏறக்குறைய நான்கு மடங்கு, பாஸ்பரஸ் ஏறக்குறைய இரு மடங்கு. நலமுள்ளவர்க்கு அது செல்வம். வெளியேற்ற வழியற்ற உடலுக்கு அது சுமை.

மூன்றாவது புரதம். இதில்தான் பெரும் குழப்பம் நேர்கின்றது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன், உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் புரதத்தை நிறுத்துமாறு சொல்வது வழக்கம். 60 கிலோ எடையுள்ளவர்க்கு அது நாளொன்றுக்கு 48 கிராம். டயாலிசிஸ் தொடங்கிய பின்னரோ சுத்திகரிப்பில் புரதமும் இழக்கப்படுவதால், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, அதாவது அவருக்கே 60 முதல் 72 கிராம் வரை வேண்டும். பழைய தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, பருப்பையும் முட்டையையும் தொடாது காத்து, நோயாளியை மெலியவிடும் வீடுகள் உண்டு. அவர்கள் செய்வது அன்பினால்தான். ஆயினும் தாள் மாறவேண்டிய நாளில் மாறவில்லை. ஆகவே மருத்துவமனைக்குச் செல்லுந்தோறும், ‘பழைய உணவுத் திட்டம் இன்னும் பொருந்துமா?’ என்று கேட்டறிய வேண்டுகின்றோம்.

இதனோடு தொடர்புடையது ஒவ்வாமை. சிறுநீரக நோயாளிக்கு உடலெங்கும் அரிப்பு உண்டாதல் பொது. கழிவும் பாஸ்பரசும் இரத்தத்தில் தங்குவதால் அது நேர்வதுண்டு. நம்மவரோ அதைக் கண்டவுடன், ‘கரப்பான் பண்டம்’ என்று சொல்லி, முதலில் கத்தரிக்காயையும், பின் மீனையும், அதன்பின் முட்டையையும் ஒவ்வொன்றாக நீக்குகின்றனர். இறுதியில் தட்டில் மிஞ்சுவது மோர்ச்சோறு ஒன்றே. அரிப்பு அப்படியே இருக்க, உடல் மட்டும் இளைக்கின்றது. கத்தரிக்காயால் உண்மையாகவே ஒவ்வாமை கொள்வோர் உளர். மைசூரில் அது குறித்து ஆராய்ச்சியும் நடந்திருக்கின்றது. ஆனால் எது அரிப்பு, எது ஒவ்வாமை என்று தீர்மானிப்பது மருத்துவர் கடமையேயன்றி, அண்டை வீட்டார் கடமையன்று.

உண்மையான ஒவ்வாமையின் அடையாளம் வேறு. நிலக்கடலை, முந்திரி, இறால், முட்டை, பால் போன்ற ஒன்றை உண்ட சிறிது நேரத்தில் தடிப்புத் தோன்றும், உதடும் நாக்கும் வீங்கும், மூச்சுத் திணறும், மயக்கம் வரும். அவ்வேளையில் வீட்டு மாத்திரையை நம்பிக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அங்குத் தொடையில் இடும் அட்ரினலின் ஊசியே உயிர்காக்கும் முதல் மருந்து. சிறுநீரக நோயாளி ஒருவர்க்கு முட்டை உண்மையாகவே ஒவ்வாதெனின், அதை நீக்குவதோடு அமையாது, அதற்கீடாகப் பருப்போ பனீரோ கோழியிறைச்சியோ எவ்வளவு என்று உணவியலாரிடம் கேட்டுப் பெறல் வேண்டும்.

இனி நம் பண்பாட்டைப் பற்றிச் சிறிது கூறுவோம். வந்தவரை வற்புறுத்தி உண்பித்தல் தமிழர் சிறப்பு. ‘ஒரு வாய் உண்டால் என்ன ஆகிவிடும்?’ என்று கேட்கின்றோம். ஒவ்வாமை உள்ளவர்க்கு ஒரு வாயே போதும், பேராபத்து நேர்வதற்கு. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு நட்சத்திரப்பழம் எனப்படும் ஐங்கோணக் கனி சிறிதளவே விக்கலும் மனக்குழப்பமும் வலிப்பும் உண்டாக்கி உயிரையும் வாங்கக்கூடும். ஆகவே மறுப்பவரை மீண்டும் வற்புறுத்தாமையும் விருந்தோம்பலே.

தாய்மார்களே! நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் ஈவோருள் பெரும்பாலோர் பெண்கள். தாயும் மனைவியும் சகோதரியும் தம் உடலின் ஒரு பகுதியையே அறுத்துத் தருகின்றனர். அத்தகைய வீட்டில், உப்புக் குறைந்த குழம்பைத் தனிச் சட்டியில் வைக்கும் உழைப்பும் அப்பெண்ணின் தலையிலேயே விழுகின்றது. ‘சுவையில்லை’ என்ற சொல்லும் அவளுக்கே கிடைக்கின்றது. இது முறையன்று. குடும்பத்தார் அனைவரும் உப்பைக் குறைத்தால் சட்டி ஒன்றே போதும். எலுமிச்சையும் மிளகும் சீரகமும் கொத்தமல்லியும் கொண்டு, மருத்துவர் விலக்காதவரை, சுவையும் கூட்டலாம். பிள்ளைகளின் இரத்தக் கொதிப்பும் நாளை தவிரும்.

சங்கத்தார்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள்கள் இரண்டு. முதலாவது, அடுத்த ஆண்டு விழா விருந்தில் உப்பிடாத சோறும் வடித்த காய்க் கூட்டும் ஒரு பந்திக்கேனும் தனியே வைத்தல் வேண்டும். இரண்டாவது, எப்பண்டத்தில் நிலக்கடலை, முந்திரி, பால், கோதுமை சேர்ந்துள்ளன என்று பந்தியருகே பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். அடைத்து விற்கும் பண்டங்களில் இவற்றைக் குறிக்க வேண்டுமென்று 2020ஆம் ஆண்டு விதிகளே கட்டளையிடுகின்றன. நம் விருந்தில் நாமே விரும்பிச் செய்தல் அழகு. நோயின் பொருட்டு விழாவுக்கு வராது வீட்டில் தங்கிவிடும் அன்பர்கள் அப்போது நம்மோடு ஒரே பந்தியில் அமர்வார்கள்.

நாம் கூறியவை பொதுவான செய்திகள். அளவு ஒவ்வொருவர்க்கும் வேறுபடும். இரத்தச் சோதனை கண்டு மருத்துவர் வகுப்பதே முடிவு.