எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

(சமூக அறிவியல் ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



சட்ட ஆதாரங்களை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே பாதிப் பேருக்குத் தூக்கம் வந்திருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தத் தூக்கம் கலைந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டின் மூன்றாவது இயல் கீழ்வெண்மணி பற்றியது. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டதும், 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்ததும் உங்களுக்குத் தெரியும். பெரும் நிலக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் நீதிபதிகள் எழுதியதாக ஒரு வரி நம் மேடைகளில் ஐம்பது ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அதை நானும் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தேன். அடிக்குறிப்பில் ஒரு மாநாட்டு மலரின் பெயர் இருந்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தீர்ப்பில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பை நான் பார்த்ததே இல்லை. "அப்படியானால் இது ஆய்வா, துண்டறிக்கையா?" என்றார். அவர் என்ன நோக்கத்தில் கேட்டார் என்று நண்பர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், கேள்வி நியாயமானது. நம் ஆட்கள் செத்த கதையைச் சொல்கிற இயலை ஒரு அடிக்குறிப்பால் கீழே தள்ள முடிந்தது. அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்தது நான்.

திருத்தம் எழுதும்போதுதான் 1973இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இந்தத் தீர்ப்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருந்ததைத் தேடிப் பிடித்தேன். அதன் பிறகு என் அடிக்குறிப்பு நேர்மையானது: இந்தத் தீர்ப்பு, இந்தக் கட்டுரையில் எடுத்தாளப்பட்டபடி, இந்தப் பக்கம். நீங்கள் கண்ணால் பார்த்தது எதுவோ அதை எழுதுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டுத் தீர்ப்பைப் படித்தது போல் அடிக்குறிப்பு போடாதீர்கள். மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கட்டுரையாளர் செய்த பிழையும் உங்கள் பெயரில் ஏறிவிடும்.

பிழை எப்படி ஏறும் என்பதற்கு நம் வீட்டு உதாரணமே இருக்கிறது. செண்பகம் துரைராஜன் வழக்கு. வகுப்புரிமை ஆணையை உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று செல்லாது என்றது. கிளர்ச்சி எழுந்தது, அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) சேர்ந்தது. இதுவரை எல்லோரும் சரியாகச் சொல்கிறோம். எந்தப் பங்கீட்டை நீதிமன்றம் ரத்து செய்தது என்று கேட்டால், பத்துக் கட்டுரைகளில் எட்டு நீதிக்கட்சிக் காலத்துப் பங்கீட்டைச் சொல்லும்: 12 இடங்களில் பார்ப்பனரல்லாதாருக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. தீர்ப்பைத் திறந்து பாருங்கள். அங்கே கணக்கு 14 இடங்களுக்கு. பார்ப்பனரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பார்ப்பனர் 2, தாழ்த்தப்பட்டோர் 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர் 1, முஸ்லிம் 1. பிற்படுத்தப்பட்டோர் என்று தனிப் பிரிவு வந்துவிட்டது, தாழ்த்தப்பட்டோர் பங்கு உயர்ந்துவிட்டது. இரண்டு ஆணைகளுக்கு இடையே இருபது ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. தீர்ப்பைப் படிக்காமல் எழுதுகிறவர் அந்த இருபது ஆண்டுகளை அழித்துவிடுகிறார்.

இன்னொன்று. செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்று நாம் மேடையில் முழங்குவோம். அதற்கு ஆதாரமாக ஏதாவது ஒரு சிறு வெளியீட்டைக் காட்டுவோம். ஆனால் அவர் விண்ணப்பித்ததாக அவரது பிரமாண வாக்குமூலத்திலிருந்து தெரியவில்லை, விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று அறிந்ததாகத்தான் சொல்கிறார் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது! கையில் வாள் இருக்க, பேனாக்கத்தியைக் காட்டுவானேன்?

சரி, அந்தத் தீர்ப்பை எப்படிக் குறிப்பிடுவது? முதலில் வழக்கின் பெயர்: சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன். அடுத்து, ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226. மந்திரம் போலத் தெரியும், ஆனால் முகவரிதான். 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்' என்ற தொகுப்பு, 1951ஆம் ஆண்டுத் தொகுதி, உச்ச நீதிமன்றப் பகுதி, 226ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அதற்கும் பிறகு, நீங்கள் எடுத்தாளும் வரி இருக்கும் பத்தி எண்ணோ பக்கமோ. இந்தக் கடைசித் துண்டைத்தான் நம் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். 226 என்பது வாசற்கதவு. எந்த அறை என்று சொல்ல வேண்டாமா?

முகவரியில் இருக்கும் ஆண்டு தொகுதியின் ஆண்டு, தீர்ப்பு வந்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. இதே வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஏ.ஐ.ஆர். 1951 மெட்ராஸ் 120. தீர்ப்பு வந்ததோ 1950 ஜூலையில். மண்டல் வழக்கு என்று நாம் சொல்லும் இந்திரா சஹானி தீர்ப்பு 1992 நவம்பர் 16. ஒரு தொகுப்பில் அது 1992 சப்ளிமெண்ட் (3) எஸ்.சி.சி. 217, இன்னொன்றில் ஏ.ஐ.ஆர். 1993 எஸ்.சி. 477. இவற்றை இரண்டு தீர்ப்புகள் என்று எண்ணி, "உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது" என்று எழுதிய ஒரு கட்டுரையை நான் திருத்தியிருக்கிறேன்.

மண்டல் வழக்கை எடுத்தால் இன்னொரு கேள்வி வரும்: யார் சொன்னது? ஒன்பது நீதிபதிகள், 6க்கு 3. நான்கு பேருக்காக ஜீவன் ரெட்டி எழுதினார். ரத்தினவேல் பாண்டியனும் சாவந்தும் பெரும்பான்மையோடு உடன்பட்டுத் தனித்தனியாக எழுதினார்கள். மூவர் மாறுபட்டார்கள். மாறுபட்ட தீர்ப்பிலிருந்து ஒரு வரியை உருவி "உச்ச நீதிமன்றம் கூறியது" என்று எழுதினால் அது பொய். நமக்குச் சாதகமான வரியானாலும் பொய்தான். நீதிபதியின் பெயரைப் போடுங்கள், பெரும்பான்மையா மாறுபாடா என்று போடுங்கள்.

இதை எதிர்த்தரப்பு செய்யும்போது நமக்குக் கோபம் வருகிறது. 2024 ஆகஸ்ட் 1 உள்ஒதுக்கீட்டுத் தீர்ப்பு, பஞ்சாப் மாநிலம் எதிர் தேவிந்தர் சிங், 2024 ஐ.என்.எஸ்.சி. 562. அமர்வின் முன் இருந்த கேள்வி பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செய்யலாமா என்பது. கிரீமி லேயர் பற்றி நான்கு நீதிபதிகள் தங்கள் தனித் தீர்ப்புகளில் கருத்துச் சொன்னார்கள். மறுநாளே, பட்டியல் சாதிகளுக்கும் கிரீமி லேயர் வந்துவிட்டது, உச்ச நீதிமன்ற உத்தரவு என்று பரப்பினார்கள். பத்தி எண் கேளுங்கள் தோழர்களே. அந்தத் தேர்வாளர் என்னிடம் கேட்ட கேள்வியை அவர்களிடம் நாம் கேட்போம்.

இனி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இங்கே பாதிப் பேரின் ஆய்வு அதைத் தொடுகிறது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1989ஆம் ஆண்டின் 33ஆம் சட்டம், 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவது பழைய சட்டத்தில் பிரிவு 3(1)(எக்ஸ்). அந்த எக்ஸ் ஆங்கில எழுத்தன்று, ரோமன் எண் பத்து. 2016 ஜனவரி 26இல் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது உட்பிரிவுகளை ஆங்கில எழுத்துகளால் மாற்றி அடுக்கினார்கள். இழிவுபடுத்துவது 3(1)(ஆர்) ஆனது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) என்று தனியே வந்தது. 2009இல் நடந்த கொடுமைக்கு (ஆர்) என்று எழுதினாலும் தவறு, 2019இல் நடந்ததற்கு பழைய எண்ணை எழுதினாலும் தவறு. சம்பவத் தேதியில் எந்தச் சட்டம் உயிரோடு இருந்தது என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு இது இன்னும் சிக்கல். கொலைக்குத் தண்டனை இப்போது பிரிவு 103. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. சட்டத்தின் பெயரைச் சொல்லாமல் வெறும் "302" என்று இனி எழுத முடியாது.

தீர்ப்புகளுக்கும் ஆயுள் உண்டு. 2018 மார்ச் 20இல் சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில், கைதுக்கு முன் அனுமதி வேண்டும், முதற்கட்ட விசாரணை வேண்டும் என்று இதே சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்கள். நாடே கொந்தளித்தது. நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1இல் உச்ச நீதிமன்றமே மறுஆய்வில் அந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் மகாஜன் வழக்கை இன்றைய சட்ட நிலை போல எடுத்தாளும் ஆய்வேடுகள் வருகின்றன. உடுமலை சங்கர் வழக்கிலும் இதே கதை. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு விதித்த மரண தண்டனையோடு நிறுத்திவிடுகிறார்கள். 2020 ஜூன் 22இல் உயர் நீதிமன்றம் ஒருவரை விடுவித்து ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்ததை எழுதக் கை வருவதில்லை. வலிக்கிறது, தெரியும். எழுதத்தான் வேண்டும்.

பணம் கட்டும் தரவுத்தளங்கள் நம் கல்லூரிகளில் இருக்காது. முன்பு இது பெரிய சுவர். இப்போது உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளம் இலவசம், சட்டங்களுக்கு இந்தியா கோட், தேடுவதற்கு இந்தியன் கானூன். 2023 முதல் நீதிமன்றமே தரும் ஐ.என்.எஸ்.சி. எண் எந்தத் தனியார் தொகுப்பையும் நம்பியிருக்கவில்லை. தமிழ் மொழிபெயர்ப்புகளும் தளத்தில் வருகின்றன, புரிந்துகொள்ளப் படியுங்கள். ஆனால் ஆங்கில மூலமே அதிகாரப்பூர்வமானது, பத்தி எண்ணை அங்கிருந்து எடுங்கள். நீங்களே மொழிபெயர்த்தால் "மொழிபெயர்ப்பு என்னுடையது" என்று இரண்டு சொல் சேர்க்கலாம்.

கடைசியாக ஒன்று, நேற்று ஒரு தங்கை கேட்டது. பழைய தீர்ப்புகளிலும் அரசாணைகளிலும் நம்மைக் குறிக்கும் சொற்களை என்ன செய்வது? செண்பகம் தீர்ப்பிலேயே "ஹரிஜன்" என்றுதான் இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் மூலத்தை மாற்றாதீர்கள், அது அவர்களுடைய ஆவணம். மேற்கோளுக்கு வெளியே அந்தச் சொல்லை எழுதாதீர்கள், அது உங்களுடைய வாக்கியம்.

ஆய்வேட்டுப் பக்கங்களைக் கொண்டுவந்திருப்பவர்கள் தேநீருக்குப் பிறகு உட்காருங்கள். ஒவ்வொரு அடிக்குறிப்பாகப் பார்க்கலாம். என் மூன்றாவது இயலின் பழைய படியையும் எடுத்து வந்திருக்கிறேன், முதலில் அதைக் கிழிக்கலாம்.