சங்கமும் சமுதாய நீதியும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேசுவோர் தமிழின் தொன்மையை எடுத்துரைப்பது வழக்கம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாகக் குறித்த வேங்கடத்தின் அடிவாரத்திலேயே நாம் கூடியிருக்கின்றோம். அப்பேச்சுக்கு இதனினும் ஏற்ற இடம் இல்லை. ஆயினும், இன்று நான் பேச விழைவது தமிழின் பெருமையைப் பற்றியன்று. தமிழன்றி வேறு மொழி அறியாமல் சித்தூரிலும் திருப்பதியிலும் நீதிமன்றப் படிகளில் நிற்கும் ஏழையைப் பற்றியும், அவனுக்கு நம் சங்கக் கூடம் செய்யக்கூடிய உதவியைப் பற்றியுமே பேச விழைகின்றேன்.

முதற்கண் ஒரு வரலாற்றை நினைவூட்டுகின்றேன். சென்னைப் பெரம்பூரில், பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளுக்கு அருகே, வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு சிறு சபை இருந்தது. நம் மலைக்கு உரிய பெருமானின் பெயரே அதற்கும் பெயர். செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு என்னும் இரு வணிகர் ஊதியம் கருதாது அதனை நடத்தினர். அங்கே சமயச் சொற்பொழிவுகள் நிகழும். ஆலைத் தொழிலாளர் வந்து கேட்பர். கேட்க வந்தவர்கள் நாளடைவில் தங்கள் குறைகளையும் சொல்லத் தொடங்கினர். 'இது சமயச் சபை; ஆலைக் குறைகளை இங்கே பேசாதீர்' என்று அவ்விருவரும் கதவை அடைக்கவில்லை. திரு. வி. க. அங்கே சென்று பேசினார். பி. பி. வாடியா துணை நின்றார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள், வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த தொழிற்சங்கங்களுள் இந்தியாவில் அதுவே முதலாவது என்பர். அது பிறப்பதற்கு முதலில் வேண்டியிருந்தது ஓர் இடம். அச்சமின்றி அமர்ந்து பேசுவதற்குரிய இடம்.

பிற நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் 1884இல் டாயின்பீ ஹால் தோன்றியது. படித்த இளைஞர் ஏழைகளின் நடுவே வந்து தங்கித் தொண்டு செய்தனர். 1898இல் அங்கே கட்டணமின்றி ஏழைகளுக்குச் சட்ட அறிவுரை வழங்கும் பணி தொடங்கிற்று. டாயின்பீ ஹாலைக் கண்டு சென்ற ஜேன் ஆடம்ஸ் அம்மையார், தம் தோழியார் ஒருவருடன் 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். தையல் தொழில் புரிந்த பெண்களின் சங்கங்கள் அவ்வில்லத்தின் அறைகளில் கூடி உருவாயின.

இனி நம் ஊருக்கு வருவோம். சேஷாசல மலைக்காட்டில் செம்மரம் வளர்கின்றது. அதனைக் கடத்திப் பெருஞ்செல்வம் குவிப்பவன் காட்டுக்குள் வருவதில்லை. சவ்வாது மலை முதலிய இடங்களிலிருந்து, நல்ல கூலி கிடைக்கும் என்னும் சொல்லை நம்பி வருகின்ற ஏழையே கோடரியுடன் உள்ளே செல்கின்றான். 2013 திசம்பரில் இக்காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டனர். கடமையிற் சென்று உயிர் நீத்த அவர்களின் குடும்பத்துக் கண்ணீரையும் நாம் மறத்தல் ஆகாது. அவ்வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் சிறைப்பட்டனர். 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் 287 பேரை விடுதலை செய்தது. இதற்கிடையே, 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரக் காவற்படையினரின் துப்பாக்கிக்கு இம்மலைச்சாரலில் தமிழ்நாட்டார் 20 பேர் இரையாயினர்.

சிறையில் இருப்பவர்க்குச் சட்டத்தின் துணை இல்லாமல் இல்லை. 1976இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39அ பிரிவு ஏழைக்கு இலவசச் சட்ட உதவி வேண்டும் என்கின்றது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், காவலில் உள்ளவர்க்கும் பழங்குடியினர்க்கும் அவ்வுதவியை உரிமையாகவே வழங்குகின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர் அறியாத மொழியில் சாட்சியம் கூறப்பட்டால், அவர் அறிந்த மொழியில் அதனைப் பெயர்த்துரைக்க வேண்டும் என்பதும் விதி. ஆனால், 'எனக்கு இவ்வுரிமை உண்டு' என்று அவனுக்குத் தமிழில் சொல்வார் யார்? மலையூரில் காத்திருக்கும் மனைவிக்குக் கடிதம் எழுதுவார் யார்? விசாரணை நாளன்று வந்து சேர்ந்த தாய்க்குத் தங்க இடம் தருவார் யார்?

'சங்கம் மொழிக்கும் கலைக்கும் உரியது. வழக்குகளில் நாம் தலையிடலாமா?' என்று சிலர் வினவலாம். குற்றத்துக்குத் துணைபோக நான் கூறவில்லை. குற்றவாளியையும் குற்றமற்றவனையும் வேறு பிரிப்பதற்கே வழக்கு விசாரணை உள்ளது. தனக்கு எதிராகச் சொல்லப்படுவதையே அறியாதவன் எவ்வாறு மறுமொழி கூறுவான்? அவன் காதில் சென்று சேரும் தமிழே இன்று நாம் செய்யக்கூடிய தலையாய தமிழ்த்தொண்டு.

ஆதலின் ஒரு வேண்டுகோள். நம் கூடம் விழா நாளில் மட்டும் திறந்து, மற்றைய நாளில் பூட்டிக் கிடத்தல் வேண்டா. வாரத்தில் இரு மாலைப் பொழுதேனும் அது திறந்திருக்கட்டும். தமிழும் தெலுங்கும் அறிந்த இளைஞர் இருவர் அங்கே அமரட்டும். மனு எழுதவும், சட்ட உதவி அலுவலகத்துக்கு வழிகாட்டவும் அவர்கள் உதவட்டும். துப்புரவுத் தொழிலாளர், யானாதி மக்கள், செங்கற்சூளைத் தொழிலாளர் முதலியோர் அமைக்கும் சிறு குழுக்கள் வாடகையின்றி அங்கே கூடட்டும். அவர்கள் தமிழரா தெலுங்கரா என்று நாம் கேட்க வேண்டா. நமக்கு வாழ்வளித்த மண்ணின் மக்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அது. கட்சிக் கொடி அங்கே வேண்டா. கொடுத்தவர் பெயரும் சுவரில் வேண்டா. கணக்கேடு மட்டும் யாவரும் காண மேசைமேல் கிடக்கட்டும்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு விளக்கும், சில பாய்களும், முறைவைத்து வரும் தொண்டர் பத்துப் பேரும் போதும். பெரம்பூர்ச் சபையினும் நம் கூடம் எளியதன்று. அடுத்த ஆண்டு விழாவில் செயலாளர் படிக்கும் அறிக்கையில், எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன என்பதோடு, எத்தனை ஏழைகள் இக்கதவு வழியே வந்து ஆறுதல் பெற்றுச் சென்றனர் என்பதும் இடம்பெறுமாக!