நாலாம் நாள் குழந்தை



இன்று பட்டம் வாங்கும் இளம் மருத்துவர்களே, சேவை, தியாகம் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் ஒரு குழந்தையைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பிரசவத்தில் குறையில்லை. நல்ல எடை. மூன்றாம் நாள் பால் குடிப்பது குறைகிறது; நாலாம் நாள் துவண்டு கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது. கேஸ் ஷீட்டில் செப்சிஸ் என்று எழுதி ஆன்டிபயாடிக் போடுவோம். போடுங்கள், தவறில்லை. ஆனால் சில குழந்தைகளுக்குத் தொற்றே இருக்காது. வயிற்றில் இருந்தவரை கழிவை நஞ்சுக்கொடி பார்த்துக்கொண்டது. வெளியே வந்து தாய்ப்பாலின் புரதம் உள்ளே போனதும், அதைக் கையாளும் ஒரு நொதி பிறவியிலேயே இல்லாததால், அம்மோனியா ஏறி மூளையைத் தாக்குகிறது.

அந்த நாலாம் நாள் இரவில் சர்க்கரை, இரத்த வாயு, கீட்டோனோடு அம்மோனியாவையும் கேளுங்கள். இரத்தம் ஐஸில் வைத்து உடனே போக வேண்டும். மேஜையில் கிடந்தால் எண் பொய் சொல்லும். லிட்டருக்கு 150 மைக்ரோமோலைத் தாண்டினால் பாலை நிறுத்தி, 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி, சோடியம் பென்சோயேட்டுக்கு ஆளனுப்பி, டயாலிசிஸ் உள்ள இடத்துக்குப் போன் செய்யுங்கள்.

"இதுக்கு முன்னாடி குழந்தை ஏதாச்சும் தவறிப்போச்சாம்மா?" என்றும் கேளுங்கள். பதில் பெரும்பாலும் மாமியாரிடமிருந்து வரும்: ஜாதகத்தில் பாலாரிஷ்டம், மருமகள் ராசி. அடுத்த கேள்வி, சொந்தத்தில் கட்டியதா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் அப்படித்தான். லண்டனில் ஆர்ச்சிபால்ட் கேரோட் 1902-லேயே அல்காப்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்களின் பெற்றோர் பலர் உறவுக்காரர்கள் என்று கவனித்து எழுதினார். அதற்காக அத்தை மகனைக் கட்டியவளைக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். இப்படிப் பிறவியிலேயே நொதி இல்லாத நோய்களில் பெரும்பாலானவற்றில் பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமும் இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. இதை மாமியார் காதுபடச் சொல்லுங்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகப் படுவது இது: குழந்தை தங்காது என்று தெரிந்தாலும் வடிதாளில் நாலு சொட்டு இரத்தம் எடுத்து உலர்த்தி வையுங்கள். 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி குதிகாலில் குத்தித் தொடங்கிவைத்த முறைதான். நோயின் பெயர் தெரியாமல் போனால் அடுத்த கர்ப்பத்தில் எதைச் சோதிப்பது?

பிழைத்த குழந்தை எந்த வீட்டுக்குப் போகிறது? நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு நடுவே. முட்டை அதற்கு ஆகாது. ஆனால் இதே மண்ணின் மரவள்ளியில் செய்யும் ஜவ்வரிசியில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். பசிக்கு வயிறு நிறையக் கொடுக்கலாம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்தக் குழந்தைகளை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2021-ன் அரிய நோய்க் கொள்கையில், பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை வழியாக விண்ணப்பிக்கலாம். அந்தக் காகித வேலையைப் பெற்றோர் தலையில் கட்டாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அனுப்பினால் அம்மா எதைச் சமைப்பாள்? பருப்பு எத்தனை கரண்டி, பால் எத்தனை மில்லி என்று தமிழில் எழுதுங்கள். பள்ளி போகும் வயதில் சத்துணவு அமைப்பாளருக்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டும். முட்டை கொடுக்காவிட்டால் கணக்கு இடிக்குமே என்று அவருக்குப் பயம் இருக்கும். ஆகவே கையெழுத்து, சீல், பதிவு எண் மூன்றும் அதில் இருக்கட்டும்.