நெடுநாட் சுவாச நோயும் இருதயமும்
(கும்மிடிப்பூண்டியில் நமது சங்க அன்பர்கள் முன் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம்மவரிற் பலர் சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் உழைக்கின்றனர். பெண்டிரிற் பலர் நெடுங்காலம் விறகடுப்பின் முன் இருந்தவர். புகையும் பொடியும் பீடியும் சுவாசப்பையை மெல்ல அரிப்பன. “வயதாயிற்று, இளைக்கிறது” என்று சொல்லி, இருமல் மருந்து குடித்து ஆண்டுகளைப் போக்குதல் நம்மிடையே வழக்கமாய்விட்டது. அதனால் நேருங் கேடு இருதயத்தையும் பற்றும் என்பதே யான் சொல்லப் புகுந்தது.

எங்ஙனமெனின், பழுதுற்ற சுவாசப்பையிற் பிராணவாயு குறையவே, ஆங்குள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றினூடே இரத்தத்தைத் தள்ளும் இருதயத்தின் வலப்பாகம் மிகையாக உழைத்து, தடித்து, விரிந்து, முடிவில் தளர்கின்றது. அப்போது கால் வீங்கும். கழுத்து நரம்பு புடைக்கும். இவ்வீக்கத்தை முதுமையின் குற்றமென்று விடுவோர் பலர்.

இனிச் சோதனைகளைக் கூறுவேன். முதலாவது ஸ்பைரோமெட்ரி. மூச்சின் கொள்ளளவை அளக்கும் இக்கருவியை ஹட்சின்ஸன் என்னும் ஆங்கில வைத்தியர் 1846-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூச்சை நிரம்ப இழுத்து விரைந்து ஊதுதல் வேண்டும். முதல் விநாடியில் வெளிப்படுங் காற்று, மொத்தத்தில் நூற்றுக்கு 70-க்குக் குறைந்து, குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பின்னும் அவ்வாறே நிற்குமாயின், அடைப்பு நிலைத்ததென்பர். எக்ஸ்ரே, காசம் முதலிய பிற நோய்களைப் பிரித்தறிய உதவும். ஆயினும் படம் நன்றாயிருத்தலாலேயே நோயில்லை எனக் கொள்ளலாகாது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பிராணவாயுவின் அளவைக் காட்டும். அது மிகக் குறையின், நாடி இரத்தத்தை எடுத்துக் கரியமிலவாயுவையும் சோதிப்பர்.

இருதயத்துக்கு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் உள. ஈ.சி.ஜி. சரியாயிருப்பினும் வலப்பாகம் பழுதுற்றிருத்தல் கூடும். எக்கோ அதன் விரிவையும் அழுத்தத்தின் மதிப்பையும் காட்டும். ஐயம் நீங்காதவிடத்து, மெல்லிய குழாயை இருதயத்துட் செலுத்தி அழுத்தத்தை நேரே அளப்பர்; அஃது எல்லார்க்கும் வேண்டுவதன்று.

நிற்க. டாக்டர் சௌரிமுத்து 1928-இல் காசநோயாளர்க்கென நிறுவிய தாம்பரம் சானடோரியம், இன்று நெஞ்சக நோய்க்குரிய அரசாங்க ஆஸ்பத்திரியாய் விளங்குகின்றது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ நமக்கு இன்னும் அணித்து. ஒரு நாட் கூலி போகுமே என்பீர். சோதனையால் நோயின் அளவு தெரிந்தாலன்றோ தக்க மருந்தும், வேண்டியவர்க்கு வீட்டிலே பிராணவாயுவும் கிடைக்கும்! அன்றியும், மணற்பொடியால் வரும் சுவாச நோய் சட்டத்தில் தொழில்நோயாகக் குறிக்கப்பட்டுளது. உரிமை கோருங்கால் சோதனைத் தாள்களே சாட்சி, அவற்றைப் பத்திரப்படுத்துக.

ஆதலின், இளைஞர்களே! இளைப்புடைய மூத்தோரை இம்மாதத்துக்குள்ளாகவே அழைத்துச் சென்று காட்டுங்கள். பீடியை இன்றே விடுங்கள். இதுவே என் வேண்டுகோள்.